கைப்பேசிக்குக் கதிரவன் தருவது எவ்வளவு?

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உட்கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. குடிநீரும் கூரையும் இல்லாத அந்நாட்களில் மக்களை வாட்டிய இன்னொரு குறை, முந்தைய தலைமுறையினர் அறியாதது. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்துபோயின. வெளியூரில் இருக்கும் மகனுக்கு "உயிரோடு இருக்கிறோம்" என்று சொல்லவும், மருந்து கேட்கவும், நிவாரணம் எங்கே கிடைக்கிறது என்று அறியவும் அதுதான் வழி. ஜெனரேட்டர் ஓடும் இடம் எதுவோ அங்கே கைப்பேசியோடு காத்து நின்றார்கள்.

இத்தகைய நாட்களுக்கு உதவும் என்று சொல்லி, முதுகில் சூரியப் பலகை ஒட்டிய "சோலார் பவர் பேங்க்" கடைகளில் விற்கப்படுகிறது. வெயிலில் வைத்தால் போதும், தானே நிரம்பிக்கொள்ளும் என்கிறார்கள். வாங்கியவர்கள் இரண்டு நாள் மொட்டைமாடியில் வற்றலோடு வற்றலாகக் காயவைத்துப் பார்க்கிறார்கள். நான்கு விளக்குகளில் ஒன்றுகூட முழுதாக எரிவதில்லை. கருவி பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுக்கச் செல்கிறார்கள். பெரும்பாலும் கருவியில் பழுது எதுவும் இராது. கணக்குத்தான் ஒத்துவரவில்லை. அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்திருந்தால் போதும்.

ஒளி மின்சாரமாவது எங்ஙனம்?

ஒளி பட்டால் மின்னோட்டம் தோன்றும் என்பதை 1839இல் கண்டறிந்தவர் எட்மண்ட் பெக்கெரல் என்னும் பிரெஞ்சு இளைஞர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. ஆனால், பயன்படும் அளவுக்கு மின்சாரம் தரும் சிலிக்கன் ஒளிமின்கலம் 1954இல்தான் பிறந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் அதை உருவாக்கினார்கள். தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 சதவீதத்தை அது மின்னாற்றலாக மாற்றியது.

சிலிக்கன் அணுவின் புறக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் உள்ளன. படிகத்தில் ஒவ்வோர் அணுவும் அண்டை அணுக்கள் நான்குடன் இவற்றைப் பங்கிட்டுக்கொண்டு கைகோத்து நிற்கிறது. சுற்றித் திரிய எலக்ட்ரான் மிஞ்சுவதில்லை. புறக்கூட்டில் ஐந்து எலக்ட்ரான்கள் கொண்ட பாஸ்பரஸை மிகச் சிறிதளவு கலந்தால் ஓர் எலக்ட்ரான் மிஞ்சும். மூன்றே கொண்ட போரானைக் கலந்தால் ஓரிடம் காலியாக நிற்கும். இதனைத் துளை என்பர். போரான் கலந்த சிலிக்கனின் மேற்பரப்பில் பாஸ்பரஸ் கலந்த மெல்லிய அடுக்கு ஒன்றை உண்டாக்கினால், இரண்டும் சந்திக்கும் எல்லையில் தானாகவே ஒரு மின்புலம் தோன்றிவிடுகிறது. ஒளித்துகள் ஒன்று வந்து எலக்ட்ரான் ஒன்றைப் பிணைப்பிலிருந்து விடுவித்ததும், இம்மின்புலம் எலக்ட்ரானை ஒரு பக்கமும் துளையை மறுபக்கமுமாகப் பிரித்து அனுப்புகிறது. இரு பக்கங்களையும் வெளியே கம்பியால் இணைத்தால் மின்னோட்டம் கிடைக்கிறது. அவ்வளவுதான். இதில் நகரும் உறுப்பு ஏதும் இல்லை.

விழும் ஒளி முழுவதையும் ஏன் மின்சாரமாக்க முடியவில்லை? நமது நகரப் பேருந்து நடத்துநரை நினைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டுக்கு வேண்டிய தொகையைவிடக் குறைவாக நீட்டினால் ஏற்ற மாட்டார். நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் டிக்கெட் கொடுப்பார். மீதிச் சில்லறை இல்லை என்பார். சிலிக்கனும் அப்படியே. ஓர் எலக்ட்ரானை விடுவிக்க 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அதைவிடக் குறைந்த ஆற்றலுள்ள அகச்சிவப்பு ஒளித்துகள்களால் பயன் இல்லை. ஏறத்தாழ 3 எலக்ட்ரான் வோல்ட் கொண்ட ஊதா ஒளித்துகளும் ஒரே ஓர் எலக்ட்ரானைத்தான் விடுவிக்கிறது. மீதி ஆற்றல் வெப்பமாகிக் கலத்தைச் சுடுகிறது. இந்த இருவகை இழப்புகளையும், இவற்றோடு தவிர்க்க முடியாத வேறு சிலவற்றையும் சேர்த்து, ஒரே பொருளால் ஆன கலம் ஒன்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளியை மின்சாரமாக மாற்ற இயலாது என்று 1961இல் ஷாக்லி, குவைசர் என்னும் இருவர் கணக்கிட்டுக் காட்டினர். சிலிக்கனுக்கு இவ்வெல்லை ஏறத்தாழ 29 சதவீதம். ஆய்வுக்கூடங்களில் 27 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். கடையில் கிடைக்கும் நல்ல பலகைகள் 20 முதல் 23 சதவீதம் வரை தருகின்றன. இனி எவ்வளவு முயன்றாலும் இது இரட்டிப்பாகப் போவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாண் பலகையின் வரவு

மேகமற்ற நண்பகலில், சூரியனை நேர் எதிர்நோக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. அதாவது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட்.

பவர் பேங்கின் முதுகில் ஒட்டியுள்ள பலகை 14 சென்டிமீட்டர் நீளமும் 7 சென்டிமீட்டர் அகலமும் உடையது என்று கொள்வோம். பரப்பு 98 சதுர சென்டிமீட்டர். ஓரங்களும் இடைவெளிகளும் போக, சிலிக்கன் இருக்கும் இடம் 80 என்று வைத்துக்கொள்ளலாம். அதன்மேல் விழுவது 8 வாட். அதில் 20 சதவீதம் 1.6 வாட். கலம் சூடாவதால் வரும் இழப்பையும், மின்னழுத்தத்தை மாற்றும் சுற்றிலும் பேட்டரியிலும் ஏற்படும் இழப்பையும் கழித்தால், பேட்டரிக்குள் சென்று சேர்வது 1.15 வாட் அளவே.

தமிழ்நாட்டில் ஒரு நாள் முழுவதும் கிடைக்கும் வெயிலைத் திரட்டி, உச்சி வெயில் எத்தனை மணி நேரத்துக்குச் சமம் என்று பார்த்தால், ஆண்டுச் சராசரி ஐந்து மணி நேரத்தை ஒட்டி வரும். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம் என்று கணக்கிடுவது தவறு. காலையிலும் மாலையிலும் வரும் சாய்ந்த கதிர்கள் அவ்வளவு வலுவுடையன அல்ல. ஆகவே ஒரு நாள் வரவு 1.15ஐ 5ஆல் பெருக்க, 5.8 வாட்-மணி.

செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். பவர் பேங்கின் மேல் 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த எண், உள்ளே இருக்கும் லித்தியம் கலத்தின் 3.7 வோல்ட் அழுத்தத்தில் கணக்கிடப்பட்டது. 10 ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்க 37 வாட்-மணி. அதை 5.8ஆல் வகுத்துப் பாருங்கள்: ஆறு நாட்களுக்கு மேல் ஆகிறது. அதுவும் ஒரு துண்டு மேகமும் குறுக்கே வராமல், நாள் முழுவதும் யாராவது அருகில் இருந்து பலகையைச் சூரியனை நோக்கித் திருப்பிக்கொண்டே இருந்தால்! தரையில் கிடத்திவிட்டுப் போனால் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 37 வாட்-மணியும் கைப்பேசிக்குப் போய்ச் சேர்வதில்லை. 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தி, கம்பி வழியே அனுப்பி, கைப்பேசிக்குள் மீண்டும் குறைத்து ஏற்றும்போது மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகிவிடுகிறது. எஞ்சுவது 25 வாட்-மணி. இன்றைய தொடுதிரைக் கைப்பேசியில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருப்பது வழக்கம். அது ஏறத்தாழ 19 வாட்-மணி. பத்தாயிரத்தை ஐயாயிரத்தால் வகுத்து "இரண்டு முறை நிரப்பலாம்" என்று எண்ணுபவருக்கு, கிடைப்பது ஒன்றே கால் முறை.

கடைக்குப் போகும்போது உதவும் ஒரு சுருக்கு வழி உண்டு. பலகையின் நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 50ஆல் வகுத்தால், நல்ல வெயிலில் அது தரக்கூடிய வாட் அளவின் மேல்வரம்பு ஏறத்தாழ வந்துவிடும். நமது பலகைக்கு 98ஐ 50ஆல் வகுக்க, இரண்டு வாட்டிற்குச் சற்றுக் குறைவு. இதே அளவுப் பலகையின் மேல் "5 வாட்" என்று அச்சிட்டிருந்தால், அது விழும் ஒளியில் பாதிக்கு மேல் மின்சாரமாக்குகிறது என்று பொருள். உலகின் எந்த ஆய்வுக்கூடத்திலும் அப்படி ஒரு சிலிக்கன் கலம் இல்லை. கடைக்காரரிடம் வாதாட வேண்டியதில்லை; அளவுநாடாவை எடுத்தால் போதும்.

வெயில் வேண்டும், சூடு ஆகாது

அக்னி நட்சத்திரத்தில்தான் சூரியப் பலகை மிகுதியாக வேலை செய்யும் என்று பலர் நம்புகிறார்கள். ஒளிமின்கலத்துக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. கலம் சூடேற ஏற, அதன் மின்னழுத்தம் ஒவ்வொரு செல்சியஸ் டிகிரிக்கும் ஏறத்தாழ 2 மில்லி வோல்ட் குறைகிறது. ஒரு கலத்தின் மொத்த அழுத்தமே 0.6 வோல்ட்தான் என்பதால் இது சிறு தொகை அன்று. பலகைகளின் மேல் எழுதப்படும் வாட் அளவு, கலத்தின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. நம் ஊர் நண்பகலில் கறுத்த பலகை 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். நாற்பது டிகிரி ஏற்றத்துக்கு 15 சதவீத அளவு திறன் இழப்பு. காற்றோட்டமுள்ள இடத்தில் சற்று உயர்த்தி நிறுத்தினால் இதில் ஒரு பகுதியை மீட்கலாம்.

பலகைக்காவது இது வரவில் குறைவு. பேட்டரிக்கோ ஆயுளில் குறைவு. பவர் பேங்கிலும் கைப்பேசியிலும் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991இல் ஜப்பானின் சோனி நிறுவனம் முதன்முதலாக இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழிவகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நிறை குறைவு, சேமிப்பு மிகுதி என்ற இரு நற்குணங்களும் கொண்ட இந்தப் பேட்டரிக்கு வெப்பம் ஒவ்வாது. மின்முனையின்மேல் படிந்திருக்கும் மெல்லிய காப்புப் படலம் வெப்பத்தில் தடித்து வளர்ந்து லித்தியத்தை விழுங்குகிறது. உள்ளிருக்கும் மின்பகு திரவம் சிதைந்து வாயு உண்டாகிறது. உப்பிப்போன பவர் பேங்க் ஒன்றை நீங்களும் பார்த்திருக்கலாம். 45 டிகிரிக்கு மேல் மின்னேற்றம் செய்யக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் பொதுவாக எச்சரிக்கிறார்கள்.

இப்போது அந்தக் கருவியை மீண்டும் ஒருமுறை நோக்குங்கள். வெயிலில் நிற்க வேண்டிய பலகையையும் நிழலில் இருக்க வேண்டிய பேட்டரியையும் ஒரே பெட்டியில், முதுகோடு முதுகாக ஒட்டிவைத்திருக்கிறார்கள். பலகை 65 டிகிரியில் கொதிக்கும்போது அதன் அடியிலேயே பேட்டரி கிடக்கிறது. பார்வைக்குக் கச்சிதம், பௌதிகத்துக்கு முரண். இரண்டையும் பிரித்துவைப்பதே முறை. பலகை தனியே வெயிலில், பவர் பேங்க் ஒரு கெஜம் கம்பியின் மறுமுனையில் நிழலில்.

மடித்து விரிக்கும் பலகை

அப்படிப் பிரிந்த வடிவில் வருவதே மடிப்புப் பலகை. புத்தகம் போல நான்கைந்து இதழ்களாக மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். 20 வாட் என்று குறிக்கப்பட்ட நல்ல பலகையை விரித்தால் சிலிக்கன் பரப்பு மட்டும் 900 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும். பக்கத்துக்கு ஓர் அடி கொண்ட சதுரம் என்று கொள்ளலாம். முன் சொன்ன சிறு பலகையைப் போல் பதினோரு மடங்கு. உச்சி வெயிலில் உண்மையாகக் கையில் கிடைப்பது 12 முதல் 14 வாட். தெளிந்த நாள் ஒன்றில் 50 வாட்-மணிக்குக் குறையாமல் சேரும். ஒரு பவர் பேங்கை நிரப்பி மிச்சமும் இருக்கும்.

இதைப் பயன்படுத்துவதில் சில நுட்பங்கள் உண்டு. ஒரு கலம் அரை வோல்ட்தான் தரும். எனவே பத்துப் பன்னிரண்டு கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் கோத்து 6 வோல்ட் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். தொடரிணைப்பில் எல்லாக் கலங்களின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் செல்ல முடியும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்கள் அல்லவா? நடுவில் ஒருவர் சோர்ந்துவிட்டால் மற்றவர்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தும் சட்டி நகராது. அதுபோல் ஒரே ஒரு கலத்தின் மேல் கொடிக்கயிற்றுத் துணியின் நிழலோ, ஒரு வேப்பிலைக் கொத்தின் நிழலோ விழுந்தாலும் வரிசை முழுவதும் மந்தமாகிவிடும். பலகையின் பத்தில் ஒரு பங்கில்தானே நிழல், பத்தில் ஒரு பங்குதானே குறையும் என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்தது சாய்வு. சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் தென் அட்சரேகை 23.4 டிகிரிக்கு நேர் மேலே நிற்கிறான். எனவே நண்பகலில்கூட அவன் நம் தலைக்கு நேர் மேலிருந்து 36 டிகிரி தெற்கே விலகியே தெரிகிறான். தரையில் படுக்கவைத்த பலகை அப்போது 36 டிகிரியின் கொசைன், அதாவது 0.8 பங்கு ஒளியை மட்டுமே பெறுகிறது; காலை மாலையில் இன்னும் குறைவு. கோணமானி இல்லாமலே சரியான சாய்வைக் காணலாம். ஒரு தீக்குச்சியைப் பலகையின்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். குச்சியின் நிழல் முற்றிலும் மறையும்வரை பலகையைச் சாய்த்துத் திருப்புங்கள். நிழல் மறைந்தால் பலகை சூரியனை நேராகப் பார்க்கிறது. ஒரு மணிக்கொரு முறை இப்படித் திருப்பிவைத்தாலே வரவு கணிசமாகக் கூடும். மாணவர்கள் ஒரு மல்டிமீட்டர் கொண்டு, சாய்வுக்கு ஏற்ப மின்னோட்டம் மாறுவதை அளந்து வரைபடம் வரையலாம். கொசைன் வளைகோடு தாளில் தோன்றுவதைக் காண்பது தனி மகிழ்ச்சி.

பலகையிலிருந்து கைப்பேசிக்கு நேரே கம்பி கொடுப்பதைவிட, இடையில் பவர் பேங்கை வைப்பதே நல்லது. கைப்பேசி மின்னேற்றத்தைத் தொடங்கும்போது, எதிர்முனை எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்று சோதித்துப் பார்த்துக்கொள்கிறது. சுவரில் செருகும் சார்ஜருக்கு இது பொருந்தும். அதன் வலிமை மாறுவதில்லை. சூரியப் பலகையோ ஒரு மேகம் கடந்தால் தளர்ந்துவிடும். அழுத்தம் சரிந்ததைக் கண்ட கைப்பேசி, "இது வலுவற்ற சார்ஜர்" என்று முடிவுகட்டிச் சொற்ப மின்னோட்டத்தை மட்டும் எடுக்கத் தொடங்குகிறது. மேகம் விலகி வெயில் வந்த பின்னும் சில கைப்பேசிகள் அந்த முடிவை மாற்றிக்கொள்வதில்லை. கம்பியைக் கழற்றி மாட்டினால்தான் விழித்துக்கொள்ளும். சில பலகைகளில் இதனைத் தானே செய்யும் சுற்று வைக்கப்பட்டுள்ளது. எப்படியாயினும் பகலில் பவர் பேங்குக்கு ஊட்டி, இரவில் அதிலிருந்து கைப்பேசிக்கு ஊட்டுவது தொல்லையற்ற வழி.

புயல் நாட்களுக்கு

இத்தனைக்கும் பிறகு ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. தமிழகக் கரையில் புயல்கள் மிகுதியாக வருவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். வானம் மூடிக் கிடக்கும் மாதங்கள் அவை. அடர்ந்த மேகத்தின் கீழ் சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்பது 200, 100 என்று இறங்கிவிடும். 20 வாட் மடிப்புப் பலகை அன்று முழுவதும் சேர்ப்பது 10 வாட்-மணி. கைப்பேசி பாதியும் நிரம்பாது. முதுகில் ஒட்டிய சிறு பலகையோ ஒரு வாட்-மணி தந்தால் பெரிது. எனவே புயல் அறிவிப்பு வந்தவுடன் பவர் பேங்கைச் சுவர் மின்சாரத்திலேயே முழுதாக நிரப்பிவிட வேண்டும். சூரியப் பலகை, வானம் வெளுத்தும் மின்கம்பி திரும்பாத இரண்டாம், மூன்றாம் வாரங்களுக்கானது.

சிறு பலகையால் பயனே இல்லை என்று சொல்வதும் சரியன்று. 1958 மார்ச் 17இல் அமெரிக்கா ஏவிய வான்கார்டு-1 செயற்கைக்கோள் மிகச் சிறியது. நிறை ஒன்றரைக் கிலோ. அதில் சாதாரண பேட்டரியால் இயங்கிய ஒலிபரப்பி அவ்வாண்டு ஜூனிலேயே ஓய்ந்துவிட்டது. ஒளிமின்கலத்தால் இயங்கியதோ 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. அதற்குத் தேவைப்பட்ட வெளியீடு 5 மில்லி வாட் மட்டுமே. கணக்குப் போடும் கால்குலேட்டர்கள் மேசை விளக்கின் ஒளியிலேயே ஓடுவதும் அவற்றின் தேவை மிக மிகச் சிறியது என்பதால்தான். கைப்பேசியின் முதுகிலேயே ஒளிமின்கலம் பதித்து 2009இல் சாம்சங் நிறுவனம் இந்தியாவில் "சோலார் குரு" என்ற மாதிரியை வெளியிட்டது. ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் ஐந்து முதல் பத்து நிமிடம் பேசலாம் என்று அந்நிறுவனமே நேர்மையாகச் சொன்னது. நெருக்கடி வேளையில் ஐந்து நிமிடப் பேச்சு சிறியதா பெரியதா என்பதை அந்த வேளையில் இருப்பவரே சொல்ல வேண்டும்.

வீட்டில் பழைய பொத்தான் கைப்பேசி ஏதேனும் கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் பேட்டரி பெரும்பாலும் 1,000 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட்டில் 3.7 வாட்-மணி. பெரிய திரையும் இணையமும் இல்லாததால் ஒருமுறை நிரப்பினால் நான்கைந்து நாள் தாங்கும். ஒரு நாள் செலவு ஒரு வாட்-மணிக்கும் குறைவு. தொடுதிரைக் கைப்பேசிக்கு முன் தோற்றுப்போன அதே ஒரு சாண் பலகை, தெளிந்த வெயிலில் இதனை ஒரே பகலில் நிரப்பிவிடும். மேகம் மூடிய நாளிலும் அன்றன்றைய செலவுக்குப் பெரும்பாலும் ஈடுகொடுத்துவிடும்.